சின்னக் குழுவுக்கு சொந்த மெயில், பொதுக் கலண்டர்: அடிக்கடி கேக்கிற கேள்விகள்

மட்டக்களப்பில எங்கட குழு 13 பேர். ஒரு சின்ன வாசிகசாலை, பின்னேர வகுப்பு, இடைக்கிட ஒரு முகாம், அவ்வளவுதான். மெயிலையும் பொதுக் கலண்டரையும் நாங்களே சேர்வர் (எப்பவும் இணையத்தில ஓடிக்கொண்டிருக்கிற கம்பியூட்டர்) வெச்சு நடத்துறம், அதப் பாக்கிற பொறுப்பு என்னில. விளையாட்டுக் கழகம், கோயில் நிருவாகம், பள்ளிவாசல் நிருவாகம், பழைய மாணவர் சங்கம் எண்டு கனபேர் வந்து கேக்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒண்டாத்தான் இருக்கு, அதால எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதி வெக்கிறன்.

வட்ஸ்அப் குரூப் இருக்குதானே, பிறகென்னத்துக்கு இது?

கதைக்கிறதுக்கு வட்ஸ்அப் நல்லம், நாங்களும் அதிலதான் கதைக்கிற. ஆனா திகதி வெக்கிற இடமா அது சரிவராது. எங்களிட்ட இருக்கிறது ஒரே ஒரு புரொஜெக்டர். ஒரு சனிக்கிழமை காலையில 9 மணிக்கு களுவாஞ்சிக்குடி வகுப்புக்கு அது வேணும் எண்டு ஒராள் குரூப்பில போட்டிருக்கார், அதே 9 மணிக்கு வெல்லாவெளிக்கு வேணும் எண்டு இன்னொராள் போட்டிருக்கா, ரெண்டுக்கும் நடுவில பிறந்தநாள் வாழ்த்து, குட்மோர்னிங் படம், ஒரு மரண அறிவித்தல் எண்டு வந்து குவிஞ்சதில ரெண்டு மெசேஜும் அமுங்கிப் போச்சு. சனிக்கிழமை விடியப் பாத்தா பட்டிருப்புப் பாலத்துக்கு அங்கால புள்ளைகள் வந்து குந்திட்டு இருக்குதுகள், புரொஜெக்டர் பாலத்துக்கு இங்கால இருக்கு. அண்டைக்குப் பின்னேரமே பொதுக் கலண்டர் வேணும் எண்டு முடிவெடுத்தம்.

மெயில் கதை வேற. பிரதேச செயலகத்துக்கோ வங்கிக்கோ உதவி தாற ஆக்களுக்கோ குழுவிட பேரில கடிதம் போகணும், ஒரு ஆளிட சொந்த ஜிமெயில்ல இருந்து போகக் கூடாது. செயலாளர் மாறினாலும் செயலாளர்ட முகவரி மாறாம இருக்கணும், பழைய கடிதமெல்லாம் புதுச் செயலாளருக்குத் தெரியணும்.

மெயிலும் கலண்டரும் ஒரே சொப்ட்வெயாரில இருக்கணுமா?

இல்ல. கனபேர் "ரெண்டும் சேந்த ஒரு பெக்கேஜ் சொல்லுங்க" எண்டுதான் தொடங்குறாங்க, அதிலயே பாதிப் பேர் களைச்சு விட்டுட்டுப் போயிடுறாங்க. நான் சொல்றது, ரெண்டையும் முதல்ல பிரிச்சுப் பாருங்க. கலண்டர் உங்கட ஆக்களுக்கும் உங்கட சேர்வருக்கும் இடையில மட்டும் நடக்கிற விசயம். அது ஒரு மணித்தியாலம் படுத்தாலும் போனில உள்ள பிரதி அப்படியே இருக்கும். மெயில் அப்படி இல்ல, உலகத்தில உள்ள எல்லா மெயில் சேர்வரும் உங்கட சேர்வர நம்பணும், அந்த நம்பிக்கைய சம்பாதிக்கிறதும் காப்பாத்துறதும்தான் வேலை.

அதால எங்கட ஒழுங்கு: கலண்டர முதல்ல சொந்தமா வெச்சுப் பழகுங்க. ஆறு மாசம் அது ஒழுங்கா ஓடி, ரெண்டு பேருக்காவது அந்த வேலை கைவந்திட்டுது எண்டா மறுகா மெயிலப் பத்தி யோசிங்க. மெயிலுக்கு இப்பவே அவசரம் எண்டா அத மட்டும் காசு குடுத்து ஒரு மெயில் சேவையில எடுத்து, உங்கட சொந்த டொமைனை (முகவரியில @க்குப் பிறகு வாற பேர்) அதோட இணைச்சா காணும். டொமைன் உங்கடதா இருந்தா பின்னுக்கு எங்கயும் மாத்தலாம்.

சரி, கலண்டருக்கு எது?

முதல்ல ஒரு சொல்லப் பழகிக்கொள்ளுங்க: கல்டேவ். கலண்டர் சேர்வரும் போனும் பேசிக்கொள்ற பொதுப் பாசை அது, 2007ல தரமாக்கினது. எந்தச் சொப்ட்வெயார் எடுத்தாலும் கல்டேவ் இருக்கா எண்டு பாருங்க, இல்லாட்டி தொடாதீங்க. அது இருந்தா நாளைக்கு வேற சொப்ட்வெயாருக்கு மாறினாலும் ஆக்கள்ட போன்ல முகவரிய மாத்துறது மட்டும்தான் வேலை.

ஆகச் சின்னது ரடிகேல். பைதனில எழுதினது, ஒவ்வொரு நிகழ்வையும் ஒரு சின்ன ஃபைலா ஃபோல்டருக்குள்ள வெக்கும், டேட்டாபேஸ் ஒண்டும் வேணாம், பழைய ராஸ்பெரி பை (உள்ளங்கையளவு சின்னக் கம்பியூட்டர்) ஒண்டிலயும் ஓடும். ஆனா ஆருக்கு எது பாக்கலாம், ஆருக்கு எது மாத்தலாம் எண்டத ஒரு உரிமை ஃபைலில கையால எழுத வேண்டி வரும். நாலைஞ்சு பேர் எண்டா பரவாயில்ல. பைகால் பிஎச்பியில ஓடுறது, இணையத்தளம் வெக்கிற சாதாரண ஹோஸ்டிங் இருந்தா அதிலயே போடலாம், ஆக்களச் சேக்கிறதுக்கு ஒரு நிருவாகப் பக்கமும் இருக்கு. ரெண்டிலயும் பிரவுசரில மாச அட்டவணை பாக்கிற வசதி இல்ல எண்டத மறந்திராதீங்க.

எங்கட குழுவில போன் மட்டும் வெச்சிருக்கிறவங்களும் இருக்காங்க, கந்தோர் கம்பியூட்டரில பாக்கிறவங்களும் இருக்காங்க. அதால பிரவுசரிலயும் கலண்டர் பாக்கக்கூடிய நெக்ஸ்ட்கிளவுட் எடுத்தம். அது 2016ல ஓன்கிளவுட் எண்ட சொப்ட்வெயாரில இருந்து பிரிஞ்சு வந்தது. பாரமான சாமான்தான், ரெண்டு ஜிபி ரெம்முக்குக் குறைஞ்சா இழுத்துக்கொண்டு கிடக்கும், அப்டேட்டும் அடிக்கடி வரும். ஆனா கலண்டரத் திறந்து, பகிர்ற பட்டனை அமத்தி, ஆளிட பேரை அடிச்சு "மாத்தலாம்" எண்டு ஒரு டிக் போட்டா முடிஞ்சுது. எங்கட பொருளாளர் ஓய்வுபெற்ற டீச்சர், அவங்களே சொந்தமா செய்யிறாங்க. அதவிடப் பெரிய காரணம் எனக்குத் தேவைப்படல்ல.

ஒரு கலண்டர் போதாது, அதையும் சொல்லிடுறன். நாங்க மூண்டு வெச்சிருக்கம்: வகுப்பும் கூட்டமும் ஒண்டு, சாமான்களும் மண்டபமும் ஒண்டு, லீவு நாளும் திருவிழாவும் ஒண்டு. சாமான் கலண்டரில மட்டும் கண்டிப்பான சட்டம் இருக்கு, அதில பேர் போடாத ஆளுக்கு புரொஜெக்டர் இல்ல, தலைவரா இருந்தாலும் இல்ல.

நெக்ஸ்ட்கிளவுட்ல மெயில் எண்டு ஒண்டு இருக்கே, அதப் போட்டா மெயில் சேர்வர் வந்திருமா?

வராது. அது ஏற்கனவே எங்கயோ இருக்கிற மெயில் பெட்டிய பிரவுசரில திறந்து பாக்கிற ஜன்னல் மட்டும்தான். மெயில வாங்கிறதுக்கும் அனுப்பிறதுக்கும் பின்னுக்கு வேறயா ஒரு சேர்வர் வேணும், பெரும்பாலும் அது போஸ்ட்ஃபிக்ஸ், டவ்கொட் எண்ட ரெண்டும் சேந்ததா இருக்கும். முதலாவது மெயிலக் கொண்டுபோய்க் குடுக்கிற தபால்காரன், ரெண்டாவது பெட்டியில வெச்சு நீங்க கேக்கக்குள்ள எடுத்துத் தாறது. ரவுண்ட்கியூபும் இதே மாதிரி ஜன்னல்தான். இந்த வித்தியாசம் விளங்காம ரெண்டு நாள் மினக்கெட்டு வந்து கேட்டவங்க இருக்காங்க.

வீட்டில ஒரு பழைய கம்பியூட்டர் சும்மா கிடக்கு, அதில மெயில் சேர்வர் ஓட்டலாமா?

கலண்டர் எண்டா ஓட்டலாம், மெயில் எண்டா வேணாம். காரணம் கம்பியூட்டரில இல்ல, லைன்ல. மெயில் சேர்வர்கள் ஒண்டோட ஒண்டு கதைக்கிறது 25ம் இலக்கப் போர்ட்டில (போர்ட் எண்டா இணைப்பு வந்து போற வாசல்). வீட்டு இணைப்புகளில அத அடைச்சு வெக்கிறது உலகம் முழுக்க வழக்கம், ஸ்பாம் அனுப்புற வைரஸ் பிடிச்ச கம்பியூட்டர்களத் தடுக்கிறதுக்கு. 4ஜி ரவுட்டர் எண்டா இன்னும் கஷ்டம், கனபேருக்கு ஒரே பொது ஐபிய (இணையத்தில கம்பியூட்டரக் கண்டுபிடிக்கிற இலக்கம்) பங்கு போட்டுக் குடுக்கிறதால வெளியில இருந்து உங்கட பெட்டியத் தேடி ஒண்டும் வந்து சேராது. அப்படியே எல்லாம் திறந்து கிடந்தாலும் வீட்டு ஐபியில இருந்து வாற மெயில பெரிய கம்பனிகள் வாசல்லயே திருப்பி விட்டுரும்.

மெயிலுக்கு ஒரு விபிஎஸ் (ஒரு கம்பனிட இடத்தில வாடகைக்கு எடுக்கிற சேர்வர்) எடுங்க. எடுக்க முதல் அந்தக் கம்பனி 25ம் போர்ட்டத் திறந்து தருமா எண்டு எழுத்தில கேளுங்க, ஏனெண்டா புதுசா வாறவங்களுக்கு அத மூடி வெக்கிற கம்பனிகள்தான் கூட. சிலது முதல் மாசக் காசு கட்டின பிறகு கேட்டா திறந்து விடும், சிலது எப்பவுமே திறக்காது.

கரண்ட் போனா எங்களுக்கு வந்த மெயிலெல்லாம் அழிஞ்சிருமா?

அழியாது. இது கனபேருக்கு உள்ள பயம், 2022 மார்ச்சில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினதக் கண்ட ஆக்கள் நாங்க, பயம் வரத்தான் செய்யும். ஆனா மெயில் எண்ட முறையே லைன் அறுந்தாலும் தாங்கிற மாதிரிக் கட்டினது. உங்கட சேர்வர் கிடைக்காட்டி அனுப்பின சேர்வர் அத வரிசையில வெச்சு திரும்பத் திரும்ப முயற்சிக்கும், போஸ்ட்ஃபிக்ஸ் சாதாரணமா 5 நாள் வரைக்கும் முயற்சிக்கும், அதுக்குப் பிறகுதான் அனுப்பினவருக்குத் திரும்பிப் போகும். ஒரு இரவு படுத்தா மெயில் பிந்தும், காணாமப் போகாது.

வீட்டில கலண்டர் பெட்டி வெக்கிறவங்களுக்குத்தான் கரண்ட் ஆபத்து. எழுதிக்கொண்டிருக்கக்குள்ள கரண்ட் போனா எஸ்டி கார்ட் பழுதாகும். ராஸ்பெரி பை வெச்சா எஸ்எஸ்டி போடுங்க, ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி ரவுட்டரையும் அதிலயே கொழுவுங்க. பெட்டிய நிலத்தில வெக்காதீங்க. மாரியில தண்ணி எவ்வளவு கெதியா வீட்டுக்குள்ள ஏறும் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

மெயில் சேர்வருக்கு எந்தச் சொப்ட்வெயார்?

ஒவ்வொண்டையும் தனித்தனியாப் போட்டு கையால இணைக்கிறது படிக்கிறதுக்கு நல்லம், குழுவுக்கு வேணாம். கையால இணைச்சது இணைச்ச ஆளுக்கு மட்டும்தான் விளங்கும்.

13 பேர் மாதிரிக் குழுவுக்கு நான் ரெண்டைச் சொல்லுவன். ஒண்டு மெயில்இன்எபொக்ஸ். வெறும் உபுண்டு 22.04 லினக்ஸ் போட்ட தனி மெசின் ஒண்டு வேணும், ஒரு ஜிபி ரெம் காணும், டிஎன்எஸ்சையும் (டொமைன் பேருக்கு எந்தச் சேர்வர் எண்டு உலகத்துக்குச் சொல்ற பதிவு) அதுவே பாத்துக்கொள்ளும், கலண்டருக்கு உள்ளுக்கு நெக்ஸ்ட்கிளவுட்ட ஒரு பகுதி இருக்கு, ஒவ்வொரு நாளும் தன்னத் தானே சோதிச்சு பிழை இருந்தா நிருவாகிக்கு மெயில் போடும். ஆனா அது சொல்ற மாதிரித்தான் எல்லாம் இருக்கணும், அந்த மெசினில வேற ஒண்டும் போட ஏலா, உள்ளுக்குக் கை வெச்சு மாத்தினா அடுத்த அப்டேட்டில அழிஞ்சு போகும். மாத்தத் தெரியாத குழுவுக்கு அந்தக் கண்டிப்பு நல்லதுதான் எண்டு நான் நினைக்கிறன்.

மற்றது மெயில்கவ். டொக்கருக்குள்ள (புரோகிராம்கள தனித்தனிப் பெட்டியா ஓட்டுற சொப்ட்வெயார்) ஓடுறது, நாங்க வெச்சிருக்கிறது இதுதான். நிருவாகப் பக்கம் துப்பரவா இருக்கும், புது ஆளுக்கு பெட்டி திறக்க ஒரு நிமிசம், ஸ்பாம் பிடிக்க ஆர்ஸ்பாம்டி, மெயிலும் கலண்டரும் பிரவுசரில பாக்க சோகோ எல்லாம் கூடவே வருது. விலை என்னெண்டா ரெம், 6 ஜிபி வேணும் எண்டு அவங்களே சொல்றாங்க. நாங்க முதல்ல 4 ஜிபியில போட்டு வைரஸ் பாக்கிற பகுதிய நிப்பாட்டி ஓட்டினம், பிறகு மனசு கேக்காம 8க்கு மாறினம்.

ஸ்டால்வார்ட் எண்டு புதுசா ஒண்டு இருக்கு, ரஸ்ட்டில எழுதினது, மெயில் சேர்வர் முழுக்க ஒரே புரோகிராம், 2025ல கலண்டரும் அதுக்குள்ள வந்திட்டுது. ரெம் குறைவா எடுக்கும். எனக்கு நல்ல விருப்பம், ஆனா வேகமா மாறிக்கொண்டிருக்கிறதால குழுவிட கடிதங்கள அதில வெக்க இன்னும் ஒரு வருசமாவது பொறுப்பன். பழைய ஆக்கள் சிம்ப்ரா எண்டு சொல்லுவாங்க. இலவசமா ரெடியாக் கிடைச்ச கடைசிப் பதிப்பு 8.8.15, அதுக்கு ஆதரவு 2023 முடிவோட நிண்டுட்டுது. எங்கயாவது அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தா கெதியா மாறுங்க, பாதுகாப்பு ஓட்டை அடைக்காத மெயில் சேர்வர் பூட்டு இல்லாத வீடு மாதிரி.

எங்கட மெயில் ஜிமெயிலுக்குப் போனா ஸ்பாமுக்க விழுகுது. ஏன்?

இதுதான் ஆகக் கூடக் கேக்கிற கேள்வி. உங்கட சேர்வரில இருந்து உங்கட சொந்த ஜிமெயிலுக்கு ஒரு மெயில் போடுங்க. அதக் கம்பியூட்டரில திறந்து, மூண்டு புள்ளி மெனுவில மூலத்தக் காட்டுற தெரிவ அமத்துங்க. மேல ஒரு பெட்டியில மூண்டு வரி வரும்: எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க். மூண்டுக்கும் பக்கத்தில பாஸ் எண்டு இருக்கணும். எதில ஃபெயில் எண்டு இருக்கோ அங்கதான் வேலை.

எஸ்பிஎஃப் எண்டது எங்கட டொமைன் பேரில மெயில் போட எந்த சேர்வருக்கு உரிமை இருக்கு எண்டு ஊருக்கு அறிவிக்கிற ஒரு வரி. டிகிம் ஒவ்வொரு மெயிலிலயும் சேர்வர் வெக்கிற கையெழுத்து, சரிபாக்கிற சாவி உங்கட டிஎன்எஸ்ல இருக்கும். டிமார்க், இது ரெண்டும் பிழைச்சா அந்த மெயில என்ன செய்யணும் எண்டு மற்றவங்களுக்குச் சொல்றது. முதல் மாசம் டிமார்க்க ஒண்டும் செய்யாத நிலையில வெச்சு அறிக்கைகளைப் பாருங்க, எல்லாம் சரியெண்டு கண்ட பிறகு இறுக்குங்க. 2024 பெப்ரவரியில இருந்து ஜிமெயில் இதுகளில நல்லா இறுக்கிட்டுது, சின்ன ஆக்களுக்கும் எஸ்பிஎஃப் இல்லாட்டி டிகிம் கட்டாயம், ஒரு நாளைக்கு 5000க்கு மேல அனுப்புற ஆக்களுக்கு மூண்டும் வேணும். நீங்க 20 மெயில்தான் அனுப்புவீங்க எண்டாலும் மூண்டையும் போடுங்க.

நாலாவது ஒண்டு இருக்கு, அதத்தான் எல்லாரும் விடுற: பிடிஆர். ஐபிய வெச்சு பேரைத் தேடுற வரி. அது டொமைன் வாங்கின இடத்தில இல்ல, விபிஎஸ் கம்பனிட பக்கத்தில போடணும். டொமைன் பக்கத்தில தேடித் தேடி பின்னேரம் முழுக்க விட்டவங்க இருக்காங்க.

நாங்க விட்ட பிழை ஒண்டையும் சொல்றன். ஒரு நேரம் அனுப்புறதுக்கு ரிலே சேவை ஒண்டையும் சேத்தம் (அது என்ன எண்டு கீழ சொல்றன்). அவங்க தந்த எஸ்பிஎஃப் வரிய இருக்கிறதுக்குக் கீழ ரெண்டாவது வரியாப் போட்டுட்டன். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் வரி ஒண்டுதான் இருக்கலாம், ரெண்டு இருந்தா ரெண்டுமே செல்லாது. மூண்டு நாள் எங்கட மெயில் ஒண்டும் ஒழுங்காப் போகல்ல, அதில ஒரு புலமைப்பரிசில் விண்ணப்பமும் இருந்திச்சு, அந்தப் புள்ளைட வீட்டுக்குப் போய்ச் சொல்லி, கடிதத்த அச்சடிச்சு கையால கொண்டுபோய்க் குடுத்தம். ரெண்டையும் ஒரே வரியில சேத்து எழுதின உடன சரியாகிட்டு. இப்ப டிஎன்எஸ்ல எதை மாத்தினாலும் அந்த மூண்டு வரிச் சோதனைய செய்யாம நான் எழும்புறல்ல.

எல்லாம் பாஸ் ஆகியும் ஸ்பாமுக்குப் போகுது எண்டா உங்களுக்கு வந்த ஐபி முந்தி ஆரோ கெட்ட வேலைக்குப் பாவிச்சதா இருக்கலாம். ஸ்பாம்ஹவுஸ் மாதிரி கறுப்புப் பட்டியல்களில அந்த ஐபிய அடிச்சுப் பாருங்க, இருந்தா வேற ஐபி கேளுங்க. விபிஎஸ் எடுத்த முதல் நாளே, சொப்ட்வெயார் போட முதலே பாத்திருங்க.

ரிலே எண்டா என்ன? அது சொந்த சேர்வர் ஆகுமா?

வாற மெயில உங்கட சேர்வரே வாங்கும், போற மெயில மட்டும் நல்ல பேர் உள்ள ஒரு சேவை ஊடாக அனுப்புறது. அமேசன் எஸ்இஎஸ் எண்ட அப்படிப்பட்ட சேவையில 1000 மெயிலுக்கு 10 அமெரிக்கச் சதம். பெட்டியும் பழைய கடிதமும் உங்களிட்ட இருக்குதானே, எனக்கு அது சொந்த சேர்வர்தான். ஸ்பாம் பிரச்சினையோட சண்டை பிடிச்சுச் சலிச்ச குழுவுக்கு இத வெக்கமில்லாம எடுங்க எண்டுதான் சொல்லுவன்.

போனில எப்படிப் போடுற?

ஐபோன் எண்டா கல்டேவ் உள்ளுக்கே இருக்கு, கலண்டர் கணக்கு சேக்கிற இடத்தில "மற்றது" எண்டதுக்குள்ள போனா வரும். அண்ட்ரொய்டில கூகுள் கலண்டருக்கு நேரா கல்டேவ் தெரியாது, நடுவில டேவ்எக்ஸ்5 எண்ட அப் வேணும். பிளேஸ்டோரில அது காசு, எஃப்டிரொய்ட் எண்ட மற்ற அப் ஸ்டோரில இலவசம். போட்ட பிறகு அந்த அப்புக்கு பெட்டரி மிச்சம் பிடிக்கிறத நிப்பாட்டி விடுங்க, இல்லாட்டி சில போன்கள் பின்னுக்கு ஓடுறத நிப்பாட்டிப் போட்டிரும், ஆள் "எனக்குக் கூட்டம் காட்டல்ல" எண்டு சொல்லுவார், அவரில பிழை இருக்காது.

கம்பியூட்டருக்குத் தண்டர்பேர்ட். மெயிலும் கலண்டரும் ரெண்டும் அதில வரும். அவுட்லுக்குக்கு கல்டேவ் தானா வராது, பழைய அவுட்லுக் எண்டா தனி இணைப்பு ஒண்டு போடணும்.

ஆக்களுக்குச் சொல்லிக் குடுக்கக்குள்ள போன வாங்கி நீங்களே செஞ்சு குடுக்காதீங்க. நான் முதல்ல அப்படித்தான் செஞ்சன், மறுகா போன் மாத்தினதும் திரும்ப என்னட்டத்தான் வந்தாங்க. டீச்சர்தான் சொன்னாங்க, "மகன், நீ சொல்லு, நான் அமத்துறன், நீ தொடாத" எண்டு. அவங்களே கொப்பியில ஒவ்வொரு படியா எழுதி வெச்சாங்க, அந்தக் கொப்பிட போட்டோகொப்பிதான் இப்ப எங்கட ஆக்களெல்லாருக்கும் வழிகாட்டி.

வெளிநாட்டில இருக்கிற ஆக்களுக்கு கூட்ட நேரம் மாறி மாறிக் காட்டுது, சேர்வரில பிழையா?

அனேகமா பிழை இல்ல. எங்கட நேரம் வருசம் முழுக்க ஒண்டுதான், லண்டனும் டொரொண்டோவும் வருசத்தில ரெண்டு தரம் மணிக்கூட்ட மாத்துற ஊர். இங்க ஞாயிறு பின்னேரம் 7.30 எண்டா லண்டனில குளிர்காலம் 2 மணி, கோடையில 3 மணி. டொரொண்டோவில காலையில 9, கோடையில 10. அதிலயும் அவங்க ரெண்டு ஊரும் ஒரே நாளில மாத்துறல்ல, மார்ச்சில கனடா முதல்ல மாத்தும், லண்டன் மாசக் கடைசி ஞாயிறு, அந்த ரெண்டு மூண்டு கிழமையும் எல்லாருக்கும் குழப்பம்.

நீங்க செய்யவேண்டியது நிகழ்வு போடக்குள்ள நேர வலயம் கொழும்பு எண்டு இருக்கா எண்டு பாக்கிறது. வெறும் 5.30 வித்தியாசம் எண்டு போடாதீங்க, வலயத்திட பேரப் போடுங்க. இலங்கையும் நேரம் மாத்தின நாடுதான், 1996ல ரெண்டு தரம் மாத்தி 2006 ஏப்ரலில திரும்ப 5.30க்கு வந்தது. பேரப் போட்டிருந்தா நாளைக்கு மாத்தினாலும் கலண்டர் தானா சரிப்படுத்தும். கூட்டத்த லண்டன் ஆள் தன்ட போன்ல உருவாக்கினா அது லண்டன் நேரத்தோட ஒட்டிக்கொண்டு போகும், கோடை வந்ததும் எங்களுக்கு ஒரு மணித்தியாலம் மாறும். அதால கூட்டங்கள இங்க உள்ள ஆள்தான் போடுற எண்டு வெச்சிருக்கம்.

ஆடி அமாவாசை, போயா, நோன்புப் பெருநாள் இதெல்லாம் வருசா வருசம் திரும்புற மாதிரிப் போடலாமா?

போட ஏலா. கலண்டர் சொப்ட்வெயார்கள் திரும்பத் திரும்ப வாற நாள ஆங்கிலத் திகதியிலதான் கணக்குப் பாக்குது, பிறையும் திதியும் அதுக்குத் தெரியாது. மாமாங்கத் தீர்த்தத்த ஒரு வருசத் திகதியில "வருசம் ஒருக்கா" எண்டு போட்டா அடுத்த வருசம் வேற நாளில வந்து நிக்கும். நாங்க டிசம்பரில ஒரு பின்னேரம் இருந்து, லீவுப் பட்டியலையும் பஞ்சாங்கத்தையும் வெச்சு அடுத்த வருசத்த ஒவ்வொண்டாப் போடுறம். பெருநாளுக்கு கல்முனையில இருக்கிற எங்கட காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒராள் பொறுப்பு, அவர் "பிறை பாத்து" எண்டு பேரில எழுதி ரெண்டு நாளையும் மறிச்சு வெப்பார், பிறை கண்ட இரவு ஒண்ட எடுத்து விடுவார். இதோட பெரும்போக அறுவடைக் கிழமைகளையும் போடுங்க, படுவான்கரையில (வாவிக்கு மேற்கால உள்ள வயல் பக்கம்) அந்த நேரம் கூட்டம் வெச்சா ஆக்கள் வரமாட்டாங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் மட்டும் கிழமை கிழமை திரும்புறது, அதத் தானா வாற மாதிரிப் போடலாம்.

தமிழ்லயே மெயில் முகவரி வைக்கலாமா?

தொழில்நுட்பத்தில இடமிருக்கு, 2012ல இருந்து அதுக்குத் தரம் இருக்கு, போஸ்ட்ஃபிக்ஸ் தாங்கும், ஜிமெயிலும் அப்படிப்பட்ட முகவரிக்கு அனுப்பும். எங்களுக்கு டொட் இலங்கை எண்டு தமிழ் டொமைனும் இருக்கு. எனக்கு அது பெரிய ஆசை. ஆனா வங்கிப் படிவத்திலயும் அரசாங்க இணையப் பக்கத்திலயும் தமிழ் முகவரிய அடிச்சா இன்னும் பிழை எண்டு தள்ளுற இடம் கனக்க இருக்கு, அதால கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கில எழுத்து முகவரிதான் வையுங்க. மெயிலுக்குள்ளயும் கலண்டரிலயும் தமிழ்ல எழுதுறதுக்கு ஒரு தடையும் இல்ல, தாராளமா எழுதுங்க.

டொமைன ஆர்ட பேரில எடுக்கிற?

குழுவிட பேரில. இத இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. எங்கட முதல் டொமைன எடுத்தது எங்களோட இருந்த ஒரு தம்பி, நல்ல மனுசன், தன்ட காசைப் போட்டு தன்ட சொந்த மெயில்ல பதிஞ்சு தந்தார். மறுகா அவருக்கு கட்டாரில வேலை கிடைச்சுப் போயிட்டார், நம்பர் மாறிட்டு, பழைய மெயிலும் அவருக்குத் திறக்கல்ல. புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவித்தலெல்லாம் ஆரும் திறக்காத அந்தப் பெட்டிக்கே போயிருக்கு. ஒரு நாள் காலையில எங்கட மெயில் நிண்டுட்டு. சேர்வர் ஓடுது, டிஸ்க் சரி, எல்லாம் சரி, டொமைன் மட்டும் எங்களிட்ட இல்ல. அவரைக் கண்டுபிடிச்சு, அவர் லீவு எடுத்து, அடையாள அட்டைப் பிரதி அனுப்பி, எங்கட கைக்கு வர 19 நாள். சேர்வர் படுத்தா மெயில் வரிசையில நிக்கும் எண்டு மேல சொன்னன்தானே, டொமைனே இல்லாட்டி அத நம்ப ஏலா, அந்த நாள்கள்ல வந்த மெயில் கனக்கப் போயிட்டு.

இப்ப டொமைன் கணக்கு குழுவிட பேரில, தொடர்புக்கு ரெண்டு பேர், அந்தத் தொடர்பு மெயில் அதே டொமைனில இல்ல, வெளிய வேற முகவரி. டொமைன் செத்தா அதுக்குள்ள இருக்கிற பெட்டிக்கு அறிவித்தல் வராதுதானே. முடியுற திகதி பொதுக் கலண்டரில இருக்கு, 60 நாளைக்கு முதலும் 30 நாளைக்கு முதலும் எல்லாருக்கும் அடிக்கும்.

பேக்அப் எப்படி?

ஒவ்வொரு இரவும் சேர்வரில இருந்து ரெஸ்டிக் எண்ட பேக்அப் புரோகிராம் ஊடாக பூட்டின பிரதி ஒண்டு வேற ஒரு கம்பனிட இடத்துக்குப் போகுது. மாசத்துக்கு ஒருக்கா ஒரு டிஸ்கில எடுத்து ஊருக்குள்ள ரெண்டு வீட்டில மாறி மாறி வெக்கிறம், ஒண்டு கல்லடியில, ஒண்டு மேட்டுப் பக்கம். 1978 சூறாவளியையும் 2004 கடலையும் கண்ட ஊர் இது, பதிவேடும் கொப்பியும் தண்ணியோட போன கதை எங்கட பெரியாக்கள் எல்லாரிட்டயும் இருக்கு, அதால ஒரே கரையில எல்லாத்தையும் வெக்க எனக்கு மனசு வராது.

எடுத்தா மட்டும் போதாது, திருப்பிப் போட்டுப் பாக்கணும். மூண்டு மாசத்துக்கு ஒருக்கா வெறும் மெசின் ஒண்டில பேக்அப்ப விரிச்சு, போன வருசக் கடிதம் ஒண்டத் தேடி எடுக்கிறம். முதல் தரம் செஞ்சபோது டிகிம் சாவி பேக்அப்பில இல்லாம இருந்திச்சு.

செலவும் நேரமும் எவ்வளவு?

8 ஜிபி விபிஎஸ் மாசம் 8ல இருந்து 15 டொலருக்குள்ள கிடைக்கும், அதோட டொமைன், பேக்அப் இடம். டொலர் ஏறினா செலவும் ஏறும், அதால வருசக் காசை முதல்லயே ஒதுக்கி வையுங்க. கலண்டர் மட்டும் எண்டா நல்லாக் குறையும். இடம், ஆளுக்கு 2 ஜிபி எண்டு பாத்தாலும் 13 பேருக்கு 26 ஜிபி, அதுக்குள்ள வருசக்கணக்கில நிப்பீங்க, படங்கள மெயிலில அனுப்பாம இருந்தா.

நேரம், போடுறதுக்கு ரெண்டு வார இறுதி, மறுகா கிழமைக்கு அரை மணித்தியாலம். அப்டேட்ட தள்ளிப் போடாதீங்க. வகுப்புப் புள்ளைகள்ட பேர், முகவரி எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு, அதக் காக்கிற பொறுப்பு எங்கட. 2022ம் ஆண்டின் 9ம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கு.

இப்ப ஜிமெயில்ல இருக்கிற பழைய கடிதங்கள்?

ஐமேப்சிங்க் எண்ட புரோகிராம் பெட்டியில இருந்து பெட்டிக்கு ஃபோல்டரோட கொண்டு வரும். ஜிமெயில் பக்கம் அப்புக்கான தனி பாஸ்வேர்ட் எடுக்க வேணும். கலண்டர ஐசிஎஸ் எண்ட பொதுக் கலண்டர் ஃபைலா இறக்கி இங்க ஏத்தலாம். பழைய பெட்டிய உடன மூடாதீங்க, ஒரு வருசம் புது முகவரிக்குத் திருப்பி விட்டு வையுங்க.

எங்களுக்குள்ள இதப் பாக்கத் தெரிஞ்சவர் ஒரே ஒராள்தான். தொடங்கலாமா?

மெயில் சேர்வர் தொடங்காதீங்க, கலண்டரத் தொடங்குங்க, அதிலயே ரெண்டாவது ஆளப் பழக்குங்க. எங்களிட்ட ரெண்டாவது ஆள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில படிக்கிற ஒரு தங்கச்சி. பாஸ்வேர்ட் எல்லாம் பூட்டின ஒரு ஃபைலில இருக்கு, அதத் திறக்கிற சாவி ஒரு உறையில, டீச்சர்ட அலுமாரியில. போன மாசம் நான் வேணுமெண்டே ரெண்டு கிழமை ஒண்டையும் தொடல்ல, அப்டேட், பேக்அப் சோதனை, புது ஆளுக்குப் பெட்டி திறக்கிறது எல்லாத்தையும் அவதான் செஞ்சா, உறையையும் ஒருக்கா உடைச்சுப் பாத்து உள்ளுக்கு இருக்கிறது சரியா எண்டு பாத்து, புதுசா எழுதி ஒட்டி வெச்சிருக்கா. ஒரு இடத்தில மட்டும் தடக்கி எனக்குப் போன் எடுத்தா: விபிஎஸ் கணக்குக்குள்ள போற ரெண்டாவது கோட் என்ட போனுக்குத்தான் வருது. இப்ப அதையும் ரெண்டு போனில வர மாத்திட்டம்.